முப்பதைத் தாண்டி வந்த முகப்பரு

பள்ளி நாட்களில்கூட எனக்கு இவ்வளவு பரு வந்ததில்லை. முப்பதுக்கு மேல், தாடையோரத்தில் தொட்டாலே வலிக்கும் கட்டிகளாகக் கிளம்பின. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இன்னும் மோசம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிற அக்காமார் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "உடம்புச் சூடு!"

தோல் மருத்துவர் முதலில் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்று கேட்டார். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலும் இப்படி வருமாம். எனக்கு அது இல்லை. ஆண்ட்ரோஜன் ஹார்மோன் தூண்டுதலில் தோல் எண்ணெய் அதிகம் சுரக்கிறது, இறந்த செல்களோடு சேர்ந்து துவாரத்தை அடைக்கிறது, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குகிறது என்றார்.

அவர் சொன்ன மருந்து: காலையில் 2.5% பென்சாயில் பெராக்சைடு (பரு பாக்டீரியாவைக் கொல்வது), அப்புறம் சன்ஸ்கிரீன். இரவில் 0.1% அடாபலீன் (துவாரம் அடைபடாமல் தடுக்கும் பூச்சு மருந்து), பட்டாணி அளவு, பரு மேல் மட்டுமல்ல, முகம் முழுக்க. தொடக்கத்தில் தோல் உரிந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினேன். 8 முதல் 12 வாரம் போகாமல் பலனை எடைபோடக் கூடாது. கர்ப்பம் என்றால் அடாபலீன் வேண்டாம். பெராக்சைடு துணியை வெளுக்கும்; என் நல்ல துண்டுகள் எல்லாம் திட்டுத்திட்டாகிவிட்டன!

நெற்றிப் பரு, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதை நிறுத்தியதும் குறைந்தது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம் பக்கம் நான் போகவே இல்லை. அப்படிச் சிலவற்றில் பாதரசம் இருக்கும். மலேசியாவில் எந்த அழகு கிரீம் வாங்கினாலும் 'NOT' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டிகள் போய்விட்டன. அவை விட்டுப்போன கருந்தழும்புகள் மட்டும் மெதுவாக மங்கிக்கொண்டிருக்கின்றன.