"ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்

மீட்டிங் முடியும்போது "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறீர்கள், எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்க்கிறார்கள், சரி, அனைவருக்கும் சம்மதம் என்று நீங்களும் எழுந்துவிடுகிறீர்கள், பத்து நிமிஷம் கழித்து அதே ஆட்கள் படிக்கட்டில் நின்று "இது நடக்கிற காரியமில்லை" என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு அறைக்குள் வர வேண்டும்.

முதலில் கேள்வியை மாற்றுங்கள். "இந்தத் திட்டம் எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்?" என்று கேளுங்கள். குறையைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் தயக்கம் பாதி போய்விடும். புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேசவிட்டு, உங்கள் கருத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தயங்கித் தயங்கி வருகிற கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. ஆனால் மோதுவதற்குச் சில விநாடிகள் முன்பு, புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் "அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டிருந்தார், விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. பதவியில் கீழே இருப்பவர் எச்சரிக்கையைப் பெரும்பாலும் சந்தேகமாகத்தான் சொல்வார். "ஏன் அப்படித் தோணுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பதில். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஷிஃப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போவதைப் பற்றி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், முடியாது என்றுகூட யாரும் சொல்லவில்லை, நான்காவது முறை நான் எழுதவில்லை. அதனால் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு ஷீட் போடுங்கள்: யார் என்ன சொன்னார், யார் பார்க்கிறார், என்ன முடிவு. முடியாததற்குக் காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள்: "இந்த மாதம் ஆள் போதாது, அடுத்த மாதம் முதல் வாரம் மறுபடி பார்க்கலாம்." இவ்வளவு போதும். முடிவெடுக்க நாளானால், சொன்னவரிடம் நீங்களே போய், இன்னும் முடிவாகவில்லை, மறக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.