மஸ்டர் ரோலில் 'லெஃப்ட்' என்று எழுதும் முன்

போன மாதம் கோவை அரசூர் பக்கமுள்ள ஒரு சின்ன வார்ப்பகத்திலிருந்து (ஃபவுண்டரி) இளம் எச்.ஆர். ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கையில் மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேட்டின் நகல். ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே வரிசையாகப் பதினோரு நாள் ஆப்சென்ட். பன்னிரண்டாம் நாளிலிருந்து மாதக் கடைசிவரை சிவப்பு மையில் ஒரே கோடு. கோட்டுக்கு மேல் 'லெஃப்ட்' என்று எழுதியிருந்தது. "சார், இவர் தானா நின்னுட்டார். பி.எஃப்.ல எக்ஸிட் தேதி எதைப் போடறது?" என்று கேட்டார்.

அதே சிவப்புக் கோட்டை 2004-இல் நான் போட்டிருக்கிறேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இருபது வருடம் கழித்தும் புதிதாக வருகிறவர்கள் அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தரக்கூடாது, பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குள் நான் போகவில்லை.

'தானாக நின்றுவிட்டார்'

அப்போது நான் ஒரு வார்ப்பகத்தில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தேன். மோல்டிங் பிரிவில் ஒருவருக்கும் சூப்பர்வைசருக்கும் வாய்த்தகராறு. கோபத்தில் பாதி ஷிப்டில் வெளியே போய்விட்டார். பத்து நாள் வரவில்லை. "அவன் கதை முடிஞ்சுது, பேரை எடுத்துடு" என்று மேலே இருந்தவர் சொன்னார். எடுத்துவிட்டேன். ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை.

நடந்தது வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் அவர் கேட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே விடாதே என்று வாட்ச்மேனுக்கு யாரோ வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. இன்றும் எனக்கு உறுத்துவது அதுதான்.

அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். சமரசப் பேச்சு தோற்று, வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. வேலைக்கு வரச்சொல்லி எழுதினீர்களா? இல்லை. விளக்கம் கேட்டீர்களா? இல்லை. விசாரணை? அதுவும் இல்லை. நிறுவனத்தின் வேலை விதிகளான நிலையாணையில் 'இத்தனை நாள் வராவிட்டால் தானாக விலகியதாகக் கருதப்படும்' என்று ஒரு விதி இருந்ததைத்தான் எங்கள் வக்கீல் பிடித்துக்கொண்டு வாதாடினார்.

அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 1993-லேயே டி.கே. யாதவ் வழக்கில் நிராகரித்திருக்கிறது. யாதவ் என்ற அந்தத் தொழிலாளி எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று நிலையாணையைக் காட்டி நிர்வாகம் பெயரை நீக்கியது. வந்தேன், கேட்டிலேயே தடுத்துவிட்டார்கள் என்றார் அவர். நிலையாணையில் எப்படி எழுதியிருந்தாலும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல், விசாரணை நடத்தாமல் ஒருவரின் பிழைப்பைப் பறிக்க முடியாது என்று சொன்ன நீதிமன்றம், அவரைப் பாதிச் சம்பள பாக்கியோடு மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. எங்கள் கதையும் அச்சு அசலாக அதுதான்.

கணக்கைச் சொல்கிறேன். அவருடைய மாதச் சம்பளம் 4,800 ரூபாய். தீர்ப்பு வர ஆறு வருடம், அதாவது 72 மாதம். மொத்தச் சம்பளம் 3,45,600. அதில் பாதி 1,72,800. நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது. மேல்முறையீடு நடக்கும் காலத்திலும் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று தொழில் தகராறுகள் சட்டத்தின் 17பி பிரிவு சொன்னது. இரண்டு வருடத்துக்கு அது 1,15,200. ஆக, ஒரு அச்சுகூட வார்க்காமல் 2,88,000 ரூபாய். வக்கீல் செலவு தனி. கடைசியில் அவரைப் பணித்தொடர்ச்சியோடு வேலையிலும் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு பதிவுத் தபாலுக்கு அன்று ஆகியிருக்கக்கூடிய செலவு நூறு ரூபாய்க்குள்.

நிர்வாகத்தின் பணம் போனது ஒரு பக்கம். எட்டு வருடம் அந்த மனிதர் கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டு வாய்தா வாய்தாவாக அலைந்தார். அவருடைய மகளின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தீர்ப்புப் பணம் வந்தபோது அதற்கான காலம் கடந்திருந்தது.

சரி, அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? மூன்றாம் நாளே ஒரு கடிதம். 'இந்தத் தேதியிலிருந்து விடுப்புச் சொல்லாமல் நீங்கள் வரவில்லை. உடல்நலமில்லை என்றாலோ வேறு காரணம் என்றாலோ தெரியப்படுத்துங்கள், இத்தனாம் தேதிக்குள் வேலைக்கு வாருங்கள்' என்று நாலு வரி. மிரட்டல் வேண்டாம். ஒப்புகையோடு தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. பதில் இல்லையா, ஒரு வாரம் கழித்து இரண்டாவது கடிதம். அதற்கும் பதில் இல்லை என்றால்தான் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அப்புறம் விசாரணை அதிகாரியை நியமித்து, தேதியும் இடமும் குறிப்பிட்டுத் தபால். சண்டை போட்ட சூப்பர்வைசரையே விசாரணை அதிகாரியாக உட்கார வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் விசாரணையே செல்லாது. தொழிலாளி வந்தால் சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க விட வேண்டும், துணைக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ள விட வேண்டும். வரவே இல்லை என்றால், வராததைப் பதிவுசெய்துவிட்டு அவர் இல்லாமலேயே நடத்தலாம். விசாரணை அறிக்கையின் நகலையும் அவருக்கு அனுப்பி, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்ட பிறகே முடிவு.

நீளமான வேலைதான். ஆனால் என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேர் முதல் கடிதத்துக்கே வந்துவிடுவார்கள். அரசூர் தம்பியிடமும் அன்றே கடிதம் அனுப்பச் சொன்னேன். அந்தத் தொழிலாளி தன் அம்மாவை மதுரை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். போன் தொலைந்துவிட்டது. கடிதம் ஊருக்குப் போய், அவருடைய தம்பி மூலம் கைக்கு வந்து, அடுத்த திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்து நின்றார்.

வந்தவரை என்ன செய்வது என்பதிலும் தவறு நடக்கிறது. டைம் ஆபீஸ் 'வா' என்று கடிதம் அனுப்பும். கேட்டில் 'ஓனரைப் பார்த்துட்டு வா' என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருப்புதல் ஒன்றே போதும், நீங்கள் எழுதிய கடிதத்துக்கு மதிப்பில்லாமல் போகும். கேட் பதிவேட்டில் யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் என்ன பதில் சொன்னார் என்று எழுதச் சொல்லுங்கள். வழக்கு சமரச அலுவலர் முன் போய்விட்டாலும், முதல் நாளிலேயே 'நாளைக்கே வேலைக்கு வரட்டும்' என்று எழுத்தில் கொடுங்கள். உண்மையிலேயே நீங்கள் நீக்கவில்லை என்றால் அதைச் சொல்வதில் என்ன தயக்கம்?

தொழிலாளி நண்பர்களுக்கும் ஒன்று. உங்களைக் கேட்டில் தடுத்தால் வீட்டுக்குப் போய்க் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே 'இன்று காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்' என்று நிறுவனத்துக்குத் தபால் அனுப்பி, ஒரு நகலைத் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்துப் போகப் பழைய சட்டத்தில் மூன்று வருட அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு என்ற புதிய சட்டத்தில் அது இரண்டு வருடம். 'பேசிப் பார்ப்போம், பெரியவரை வைத்துக் கேட்போம்' என்று நாளைக் கடத்தியே உரிமையை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெற்றுத்தாளில் கையெழுத்து

கேட்காதீர்கள். போடாதீர்கள்.

நாள் கணக்கில் இடைவெளி விடுவது

பதினோரு மாதம் முடிந்ததும் நாலு நாள் நிறுத்திவிட்டு, புது ஆள் போலத் திரும்ப எடுப்பது. இதைச் சொல்லிக்கொடுக்கும் 'ஆலோசகர்கள்' இன்னமும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. இடைவெளி செயற்கையாக விடப்பட்டதா என்பதைச் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினாலே கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு வருடமும் அதே பிரிவில் அதே ஆள் நாலு நாள் மட்டும் காணாமல் போயிருப்பார். தொழிலாளிகள் சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரம், பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். நாளை நிரூபிக்க அவைதான் உதவும்.

கிராஜுட்டியை 30-ஆல் வகுப்பது

கிராஜுட்டி என்கிற பணிக்கொடையை 26-ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000, பத்து வருட சர்வீஸ் என்றால், 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 10-ஆலும் பெருக்க வேண்டும். 1,03,846 ரூபாய் வரும். 30-ஆல் வகுத்தால் 90,000-தான். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் ஒரு தொழிலாளிக்குச் சின்னத் தொகை இல்லை.

இன்னொன்று, 'ஐந்து வருடத்துக்கு ஒரு மாதம் குறைகிறது' என்று கையை விரிப்பது. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு வருடமாகக் கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால் ஐந்து வருடக் கணக்கே கிடையாது; ஒரு வருடம் வேலை செய்தவரின் குடும்பம் வந்தாலும் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்குவது

பி.எஃப். குறையட்டும் என்று சம்பளத்தை ஏழெட்டு அலவன்ஸாக உடைக்கும் பழக்கம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊதியக் கணக்கில் சேராத படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியமாகவே கணக்கிடப்படும். பழைய எக்செல் தாளை மாற்றுங்கள்.

ஈ.எஸ்.ஐ. பதிவு

சேர்ந்த அன்றே. கை நசுங்கிய அன்று அல்ல.

கடைசிக் கணக்கு

விலகினாலும் நீக்கினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. 'அடுத்த மாதம் பத்தாம் தேதி வா' என்பது இனி செல்லாது.

பழைய முகவரி

மேலே சொன்ன கடிதங்கள் எல்லாம் போய்ச் சேர வேண்டுமே. சேர்ந்தபோது கொடுத்த வாடகை வீட்டு முகவரிதான் பெரும்பாலான ஃபைல்களில் இருக்கும். அவர் அதற்குள் மூன்று வீடு மாறியிருப்பார். ஒவ்வொரு பொங்கல் விடுமுறைக்கு முன்பும் ஒரு தாளை நீட்டி, இப்போதைய முகவரி, சொந்த ஊர் முகவரி, வீட்டில் இன்னொருவரின் போன் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அரசூர் தம்பியின் ஃபைலில் ஊர் முகவரி இருந்தது. என்னுடைய 2004 ஃபைலில் தெருப் பெயர்கூட இல்லை.