ஈரம் உலரும்வரை கை வைக்காதீர்கள்

நீர்வண்ணம் பழக வருகிறவர்கள் படம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னுடைய பழைய கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. கோடு கோணுவது, நிறம் தண்ணீராகிப்போவது போன்றவற்றைப் பேசப்போவதில்லை. பழகப் பழக அவை சரியாகிவிடும். குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம் மட்டும் பழகப் பழக முற்றுகிறது.

பாதி உலர்ந்த பூச்சைத் திருத்துவது

போன வாரம் ஒரு மாணவி வானம் பூசினார். நன்றாகவே வந்திருந்தது. மேல் மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்கு நீலம் வெளிறியிருந்தது. தாளின் மினுமினுப்பு அடங்கிக்கொண்டிருந்த நேரம். "விட்டுவிடுங்கள்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தூரிகை அங்கே போய்விட்டது.

தாளில் மிச்சமிருக்கும் ஈரத்தைவிடத் தூரிகையில் தண்ணீர் அதிகம். அது பரவும்போது, படிந்துகொண்டிருக்கும் நிறத்துகள்களையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. உலர்ந்ததும் நடுவில் வெளுப்பு, சுற்றிலும் பல்பல்லாக ஒரு கரை. கரையை மறைக்க இன்னொரு பூச்சு, அதற்கும் ஒரு கரை. அப்புறம் தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்கத் தாளின் மேலுள்ள பசைக்காப்பு போய், நார் எழும்பி, நிறம் உள்ளே இறங்கிச் செத்துவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்தித் தாளும் இதற்குத் தாங்காது.

மூன்று மாலை உழைத்த ஓர் ஆற்றங்கரைப் படத்தை நான் இப்படித்தான் தொலைத்தேன். வெளிறிய புள்ளி என் கண்ணுக்கு மட்டுமே பட்டது. திருத்தப்போய் விழுந்த பல்பல்லான கரையைப் பார்க்காதவர் கிடையாது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போதெல்லாம் பூச்சு முடிந்ததும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு அறையை விட்டே போய்விடுகிறேன். திரும்பி வந்து புறங்கையைத் தாளில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம், மறுபடி வெளியே.

புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்குவது

வானம் பூசுவதில் மட்டும் கெட்டிக்காரர் ஆவீர்கள். ஒரு படத்தை எங்கே நிறுத்துவது என்பது கடைசிவரை பிடிபடாது.

நல்ல தாளைப் பத்திரப்படுத்துவது

எடுத்து வரையுங்கள்.

இதே புத்தியோடு கடிதம் எழுதுவது

நண்பரின் தந்தை இறந்தபோது ஆறுதலாக நாலு வரி எழுத உட்கார்ந்தேன். எந்தச் சொல்லும் பொருத்தமாகப் படவில்லை. நான்கு முறை கிழித்தேன். ஐந்தாவது திருப்தியாக அமைந்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது, அனுப்பக் கூச்சமாகிவிட்டது. மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.