மெக்சிகோவில் வழிப்பறி: கையை ஓங்குவதற்கு முன்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் இரண்டு பர்ஸ். ஒன்றில் 300 பெசோவும் காலாவதியான ஒரு கார்டும் மட்டும். ஒரு ராத்திரி கத்தியைக் காட்டியவனிடம் அதைத்தான் நீட்டினேன். அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவன் ஓடியபோது துரத்திப்போய் நாலு சாத்து சாத்தக் கை துறுதுறுத்தது. அதை மட்டும் செய்யாதீர்கள். தாக்குதல் நடக்கும்போதோ, நடக்கப்போகும் அந்தக் கணத்திலோ, தேவையான அளவுக்கு எதிர்ப்பதைத்தான் இங்கே சட்டம் தற்காப்பு என்கிறது. ஓடுகிறவனை அடித்தால் வழக்கு நம் மேல் திரும்பும். துப்பாக்கிப் பேச்சே வேண்டாம். அமெரிக்க எல்லையிலிருந்து வரும்போது கார் டிக்கியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாகூட ஜெயிலில் தள்ளலாம்.

சரி, நடந்துவிட்டது. 911-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் ‘மினிஸ்தெரியோ பூப்ளிகோ’ எனும் அரசு வழக்குத்துறை அலுவலகத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் அந்த நகல் தேவைப்படும்.

போலீஸ் உங்களையே பிடித்துவைத்தால், பொதுவாக 48 மணி நேரத்துக்குள் விடவேண்டும், அல்லது நீதிபதி முன் நிறுத்தவேண்டும். வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்பது வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை. ஸ்பானிஷ் சுத்தமாக வராதா? ‘கொன்சுலாதோ’ (துணைத் தூதரகம்) என்ற ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.