டர்பனில் கைமாற்று: கொடுத்தவரா, வாங்கியவரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வந்தால், வங்கிக் கணக்குக்கு பாஸ்போர்ட், விசா, மூன்று மாதத்துக்குள் எடுத்த முகவரிச் சான்று கேட்பார்கள். அதை எப்படியும் முடித்துவிடுவீர்கள். சிக்கல் அதற்குப் பிறகு, பழகியவர்களோடு கைமாற்று வைக்கும்போதுதான்.

ஊரில் படித்தது நினைவிருக்கும்: 'பாரோ' வாங்குவது, 'லெண்ட்' கொடுப்பது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பேச்சில் பலருக்கு இரண்டுக்கும் 'பாரோ'தான். 'பாரோ மீ ஃபிஃப்டி ராண்ட்' என்றால் ஐம்பது ராண்ட் கொடு என்று கேட்கிறார்கள். இங்குள்ள ஆஃப்ரிக்கான்ஸ் மொழியின் 'லியன்', சூலு மொழியின் 'போலெகா' இரண்டும் இருபக்கமும் செல்லும் வினைகள். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது. திருத்தப் போகாதீர்கள், வீண் பகை.

வினைக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். 'பாரோ'வை ஒட்டி ஆள் வந்தால் (மீ, ஹிம், யூ) கொடுத்த கதை. பணமோ பொருளோ வந்து பின்னால் 'ஃப்ரம்' இருந்தால் வாங்கிய கதை. 'ஐ பாரோட் ஹிம் டூ தௌசண்ட்' என்பவர் கடன் வாங்கியவர் இல்லை, கொடுத்தவர்.

அறையில் கூட இருந்தவனுக்காக 3,000 ராண்ட் அட்வான்ஸ் கட்டிய ஒரு நண்பருக்கு, அவனிடமிருந்தே 'ஐ பாரோட் யூ த்ரீ தௌசண்ட்' என்று வாட்ஸ்அப் வந்தது. வாங்கியதை ஒப்புக்கொள்கிறான் என்று நினைத்து 'யெஸ், கரெக்ட்' என்று பதில் போட்டார். இவர்தான் கடன்பட்டவர் என்று இவரே எழுதிக் கொடுத்தது போலாயிற்று! சாதாரணக் கடன் இங்கே மூன்று ஆண்டில் காலாவதியாகும். அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். அதனால் அவசரப்பட்டு 'யெஸ்' போடாதீர்கள்.

எழுத்தில் 'பாரோ'வும் வேண்டாம், 'லெண்ட்'டும் வேண்டாம். 'ஓஸ்' (owes) போதும்: இன்னார் இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும், இந்தத் தேதிக்குள். 'நான், நீ' என்று எழுதாமல் இரண்டு பெயரையும் போடுங்கள். தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கட்டும். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, குறிப்பு இடத்தில் 'லோன் டு' என்று பெயரோடு போடுங்கள்.

வேலைக்கான கடிதத்திலும் பரீட்சையிலும் மட்டும் ஊரில் படித்த 'லெண்ட்'டையே எழுதுங்கள். அங்கே 'பாரோ மீ' பிழைதான். 'பாண்ட்' என்று காதில் விழுந்தால் அது வீட்டுக் கடன், பத்திரம் இல்லை. வட்டிக்கு விடும் 'மஷோனிசா' அடகாக ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கேட்டால் கொடுக்காதீர்கள், அது சட்டவிரோதம்.