முன்வாசல் வெண்டைக்கு அனுமதி வாங்கியது

ஃபுளோரிடாவில் எங்கள் வீட்டின் பின்பக்கம் முழுக்க நிழல். அதனால் முன்பக்கச் சுவரோரம் நாலு வெண்டை, ஆறு மிளகாய் வைத்தேன். மூன்றாம் வாரமே குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம்: அகற்றாவிட்டால் அபராதம்.

வீட்டில் காய்கறித் தோட்டம் போடுவதைத் தடுக்கக் கூடாது என்று 2019-இல் இங்கே வந்த சட்டத்தைக் காட்டிப் பதில் எழுதினேன். வீண். அது நகராட்சி, கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போன்ற அரசு அமைப்புகளின் கையை மட்டும்தான் கட்டுகிறது. வீட்டுப் பத்திரத்தோடு நாமே ஏற்றுக்கொண்ட சங்க விதிகளைத் தொடாது. அப்புறம் முன்னால் சாமந்தி நட்டு மறைத்துப் பார்த்தேன். இரண்டாவது கடிதம் வந்தது.

அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி எண். சரி, என்னதான் என்று புரட்டினால் அது காய்கறியைப் பற்றியதே இல்லை! முன்அனுமதி இல்லாமல் தோட்டத்தை மாற்றியதுதான் குற்றம். இத்தனை நாளும் தப்பான விதியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

படிவத்தை நிரப்பி, அளவோடு வரைபடம், ஓரக்கல், மரத்தூள் மூடாக்கு எல்லாம் காட்டினேன். வெண்டைக்கு நேரே ‘செம்பருத்திக் குடும்பம், மஞ்சள் பூ’ என்று எழுதினேன், பொய்யில்லையே. இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. ஒரே நிபந்தனை, முட்டுக்குச்சி தெருவுக்குத் தெரியக் கூடாதாம்.