பயாஸ் பாதியில் நின்றபோது

என் லேப்டாப்பில் பயாஸ் (பவர் போட்டதும் முதலில் ஓடி கணினியை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் பாதி ஓடும்போது கரண்ட் போனது. பேட்டரி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அது செத்து ஒரு வருடம் ஆகிறது என்பது திரை அணைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது!

பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றியது, கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டியது, திரை மட்டும் கறுப்பு. விளக்கு சிமிட்டுவது நல்ல அறிகுறி. பயாஸ் இருக்கும் சிப்பில் பூட் பிளாக் என்ற ஆரம்பப் பகுதி பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. பென்டிரைவிலிருந்து புதிய பயாஸைப் படித்து எழுத அது போதும்.

நண்பரின் கணினியில் அதே மாடலுக்கான பயாஸ் கோப்பை இறக்கி, தயாரிப்பாளர் சொன்ன பெயரிலேயே பென்டிரைவில் வைத்தேன். விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்துப் பிடித்தபடி பவரை அழுத்தினேன். (இந்தக் கூட்டு மாடலுக்கு மாடல் மாறும்.) ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து முறை முயன்ற பிறகுதான் உறைத்தது: என் 64 ஜிபி பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் இருந்தது. பூட் பிளாக்குக்கு ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் மட்டும்தான் புரியும் போல.

பழைய 8 ஜிபி ஒன்றைத் தேடி எடுத்து, ஃபேட்32 ஆக்கிச் செருகினேன். பென்டிரைவ் விளக்கு துடித்தது. சில நிமிடங்களில் தானே ரீஸ்டார்ட் ஆனது. சரி, முடிந்தது என்று நிமிர்ந்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டது. நல்லவேளை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது.